மலையூருக்குச் சுற்றுக் கண்காட்சி கொண்டுவருகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னக் கலைக்கூடத்தில் கண்காட்சி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெரிய அருங்காட்சியகங்கள் ஊர் ஊராக அனுப்பும் சுற்றுக் கண்காட்சிகளை வரவழைத்து மாட்டுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஆரம்பத்தில் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் அலைந்தோம். சென்னை, பெங்களூர் நண்பர்கள் சொன்ன யோசனைகளில் பாதி மலைக்குப் பொருந்தவில்லை. நீங்கள் பள்ளியோ, அறக்கட்டளையோ, நூலகமோ, ஊர்ச் சங்கமோ, முதல்முறை இதில் இறங்குகிறீர்கள் என்றால் அந்த அலைச்சல் உங்களுக்காவது மிச்சமாகட்டும். கொடைக்கானல், பழனி மலைக்காரர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

படங்கள் பத்திரமாக வந்து பத்திரமாகத் திரும்புவது பாதி வேலை. மீதிப் பாதி, ஊர்க்காரர்கள் உள்ளே வருவது. சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்துப் போக, பக்கத்து ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு இங்கே அதுதான் பெயர்) சேதியே எட்டாமல் முடிந்துபோகும் கண்காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வந்து இறங்கிய பிறகு நோட்டீஸ் அடித்தால் ஊர் வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்த வேலை தொடங்கிவிட வேண்டும். கீழே உள்ள வரிசையை அதை வைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

1. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

அசல் ஓவியங்கள் வரும் கண்காட்சி ஒரு வகை. நல்ல அச்சுப் பிரதிகளும் விளக்கப் பலகைகளும் மட்டும் வருவது இன்னொரு வகை. மூன்றாவது, பேருந்திலேயே வந்து பேருந்திலேயே போவது. நம் நாட்டில் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் இன்று நடத்தும் நடமாடும் கண்காட்சிப் பேருந்துகள் 1965-இல் கொல்கத்தாவில் தொடங்கின. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2015-இல் தன் சொந்தப் பேருந்தை இறக்கியது.

முதல்முறை என்றால் பிரதிகளை எடுங்கள். அசல் இல்லையே என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1952-இலிருந்து சுற்றுக் கண்காட்சிகளுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. சின்ன ஊர்களுக்கு அவர்கள் 1994 முதல் அனுப்புவது, தானே நிற்கும் பலகைகளைத்தான். வாங்கும் ஊர் அதன் பக்கத்தில் தன் சொந்தக் கதையைச் சொல்லும் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளும். நாம் பார்த்துச் செய்ய வேண்டியது அந்த இரண்டாவது விஷயத்தை. அசலோ பிரதியோ, கூடத்தில் ஒரு மூலை ஊருக்கு வேண்டும்.

2. தேதியைக் குறியுங்கள், மே மாதத்தைத் தவிர

ஸ்பான்சர்கள் எல்லாரும் மே மாதத்தைத்தான் கேட்பார்கள். ஊட்டியில் மலர்க் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி என்று கோடை விழாக் கூட்டம் அப்போதுதான். ஆனால் பள்ளிகள் லீவில் இருக்கும். டாக்ஸி ஓட்டுபவர், லாட்ஜில் வேலை செய்பவர், கடைக்காரர் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஊருக்காக நடத்துகிறோம் என்றால் மே மாதம் வேண்டாம்.

ஜூன் தொடங்கினால் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்கு மழை. 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை. மார்ச்சில் பொதுத்தேர்வு. கழித்துப் பார்த்தால் பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை மிஞ்சும். காற்றில் ஈரம் குறைவு, பள்ளி நடக்கும், பனியில் தேயிலைக் கொழுந்தும் குறைந்திருக்கும் என்பதால் எஸ்டேட்காரர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு இருக்கும்.

இந்தத் தேதிக்கு ஒரு வருடம் முன்பே கடிதம் எழுதிவிடுங்கள். அசல் கேட்பவர்கள் இன்னும் சீக்கிரம்.

3. கையெழுத்துக்கு முன் ஊரில் பேசுங்கள்

ஹட்டித் தலைவர், மகளிர் சுயஉதவிக் குழு, எஸ்டேட் தொழிற்சங்கக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியர், தோடர் மந்திலும் (தோடர் குடியிருப்பு) கோத்தர் ஊரிலும் பேச்சுக்கு மதிப்புள்ள பெரியவர்கள், இவர்களை நேரில் போய்ப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

போகும்போது அழைப்பிதழ் எடுத்துப் போகாதீர்கள். வரப்போகும் படங்களின் நகல்களை எடுத்துப் போங்கள். “வருவீங்களா?” என்று கேட்டால் “வர்றோம்” என்பார்கள், அது மரியாதைக்கு. “இதைப் பார்த்தா என்ன தோணுது? இது பக்கத்துல நம்ம ஊர்ப் பொருள் எதை வைக்கலாம்?” என்று கேளுங்கள், பேச்சு வேறு திசையில் போகும்.

ஒருமுறை பழந்துணிகளின் கண்காட்சி ஒன்றை அழைக்கும் முன் அதன் படங்களை ஒரு தோடர் அம்மாவிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. “பின்னாடி எப்படி இருக்கும்?” என்றார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் தோடர் தையலில் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். அவர் கண்ணுக்குப் பின்பக்கம் தெரியாத துணி பாதித் துணி. அனுப்பும் அருங்காட்சியகத்திடம் கேட்டு, துணிகளில் ஒன்றைச் சுவரோரம் மாட்டாமல் கூடத்தின் நடுவில், தகுந்த தாங்கலோடு தொங்கவிட்டோம். கண்காட்சி முழுக்கக் கூட்டம் நின்றது அங்கேதான். அந்த இடத்தில் அவரும் அவர் மகளும் உட்கார்ந்து தைத்துக் காட்டினார்கள், இருவருக்கும் சம்பளம் கொடுத்தோம்.

சம்பளம் என்று சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். திறப்பு விழாவுக்குப் பழங்குடியினர் ஆட்டம் வைத்து, சால்வை போட்டு, சாப்பாடு போட்டு அனுப்பிவிடும் பழக்கம் இந்த மலையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது, அவர்களுக்கும் பிடிக்காது என்பதைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த நாள் கூலிக்குக் குறையாமல், அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

வழிபாட்டுப் பொருளை ஊர் மூலைக்குக் கேட்காதீர்கள். தோடர் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கோலத்தை மெஷினில் அச்சடித்த பையை அதே பெயரில் உங்கள் விற்பனை மேசையில் வைத்தால் வம்புதான். ஊர்க்காரர் இரவல் தரும் பானைக்கும் போர்வைக்கும் தமிழில் ரசீது எழுதி, போட்டோ எடுத்து, மதிப்புப் போட்டு, பெரிய ஓவியங்களுக்கு எடுக்கும் அதே காப்பீட்டில் சேருங்கள். “நம்ம ஆளுங்கதானே” என்று வாய்ச்சொல்லில் வாங்கி வைப்பதுதான் பிறகு சண்டையில் முடிகிறது.

4. ஒப்பந்தம்: இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்

அனுப்பும் அருங்காட்சியகம் அச்சடித்த ஒப்பந்தம் ஒன்றை நீட்டும். அது அவர்கள் பொருளைக் காப்பாற்ற எழுதியது, தப்பில்லை. ஊருக்கு வேண்டியதை நீங்கள்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டால், மாட்டும் நாளில் கூட வரும் அவர்களுடைய அலுவலர் “இதுக்கு அனுமதி இல்லையே” என்பார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

விளக்க அட்டைகளைத் தமிழில் பெயர்த்து வைக்கவும், படுகர் பேசும் படுகு மொழியில் ஒலிப்பதிவு செய்யவும், ஊர் மூலை அமைக்கவும் உரிமை கேளுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் பள்ளிகளுக்கும் கட்டணம் இல்லை என்று எழுதுங்கள். கட்டணத்தில் பங்கு கேட்கும் இடங்களும் உண்டு. போஸ்டரில் எந்தப் படத்தைப் போடலாம், வெட்டிப் போடலாமா என்பதையும் தெளிவாக்குங்கள். ஓவியர் இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டால் பதிப்புரிமை உயிரோடு இருக்கும், படம் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடமே அந்த உரிமை இருக்க வேண்டும் என்பதில்லை.

பிறகு செலவுகள். வரும் வண்டிக் கூலி யாருக்கு, போகும் கூலி யாருக்கு? பல ஊர் சுற்றும் கண்காட்சியில், முந்தின ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் செலவு உங்கள் தலையில் விழுவது வழக்கம். முந்தின நிறுத்தம் கோவையா புவனேஸ்வரமா என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள். கூட வரும் அலுவலரின் தங்குமிடம், படி, மறுபயணம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான்.

மலைக்காரர்கள் மட்டும் கேட்க வேண்டிய ஒரு வரி உண்டு: பாதை அடைபட்டால் எத்தனை நாள் நீட்டிப்பு, அந்த நாட்களுக்குக் காப்பீடு யார் பொறுப்பு. சமவெளி ஒப்பந்தங்களில் இது இருக்காது.

5. பணம்

அறக்கட்டளை என்றால் வருமான வரித் துறையின் 12ஏ (வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க, 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் வேண்டும். கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை எல்லாம் 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வருகின்றன. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் கணக்குத் துறைக்காரர் கேள்வி கேட்பது குறையும்.

வாடகை, வண்டி, காப்பீடு மூன்றையும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். பட்ஜெட்டில் விட்டுப்போவது மற்றவைதான்: பள்ளி வேன், பிள்ளைகளுக்கு டீயும் வர்க்கியும், மொழிபெயர்ப்பவர் கூலி, ராக்காவல், ஜெனரேட்டர் டீசல், வழிகாட்டிப் பெண்களின் சம்பளம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை இவற்றுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். வண்டிக் கூலி ஏறியது என்று அதில் கை வைக்காதீர்கள். கை வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள்.

6. கூடம்: ஈரமும் வெளிச்சமும்

அனுப்பும் அருங்காட்சியகம் உங்கள் கூடத்தைப் பற்றி ஒரு படிவம் நிரப்பச் சொல்லும். பழைய முறையில் ஈரப்பதம் 50 சதவீதம், கூடக் குறைய 5 என்று கேட்பார்கள். 2014-க்குப் பிறகு பல இடங்களில் 40 முதல் 60 சதவீதம், வெப்பம் 16 முதல் 25 டிகிரி வரை ஏற்றுக்கொள்கிறார்கள். எது வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும். தாள் ஓவியம், நீர்வண்ணம், துணி என்றால் வெளிச்சம் 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ். மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், ஜன்னலுக்குத் தடுப்புப் படலம் ஒட்டாமல் தாள் ஓவியத்தை அழைக்காதீர்கள்.

படிவத்தில் கற்பனையாக எழுதாமல் இருக்க ஒரு வழி: ஈரத்தையும் வெப்பத்தையும் பதியும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி, நீங்கள் குறித்த அதே மாதத்தில், ஒரு வருடம் முன்பே கூடத்தில் வைத்துவிடுங்கள். அந்தப் பதிவைக் காட்டினால் பேச்சே மாறிவிடும்.

ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கும்போது கடைக்காரர் காட்டும் முதல் ரகத்தை எடுக்காதீர்கள். கம்ப்ரஸர் வைத்தது குளிரில் சரியாக இழுக்காது, உலர்பொருள் சக்கரம் வைத்த ரகம்தான் ஊட்டிக் குளிருக்கு ஆகும். பழைய பங்களாவில் நடத்துகிறீர்கள் என்றால் கணப்பு மூட்டக் கூடாது, கரி அடுப்பும் கூடாது, எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் போதும். மூடுபனி இறங்கும் நேரத்தில் “காத்தாட இருக்கட்டும்” என்று ஜன்னலைத் திறக்கும் நல்ல மனசுக்காரர் ஒருவர் எல்லாக் கூடத்திலும் இருப்பார். அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம் கதவை அளந்து பாருங்கள். பங்களாக் கதவில் நுழையாத பெட்டியை மழையில் வராந்தாவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

7. வழியில் கேட்கும் காகிதங்கள்

விற்பனைக்கு இல்லாத பொருள் என்பதால் பில் கிடையாது, பொருளோடு வரும் டெலிவரி சலான் என்ற சீட்டு போதும். மதிப்பு வெளிமாநிலத்திலிருந்து என்றால் 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி இ-வே பில் (சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) எடுக்க வேண்டும். அதில் ‘கண்காட்சி’ என்று தனி வகையே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அனுப்புபவர் எடுப்பதுதான் முறை. இ-வே பில்லின் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். பாதை அடைபட்டு நின்றால், ஆயுள் முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கொள்ளலாம்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மேட்டுப்பாளையம். பெரிய கன்டெய்னர் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பாது என்று அங்கே சின்ன வண்டிக்கு மாற்றுவார்கள். வண்டி எண் மாறினால் இ-வே பில்லின் இரண்டாம் பகுதியிலும் மாற்ற வேண்டும். அது நடக்காமல் மேலே ஏறி, செக்போஸ்டில் நின்றுகொண்டு சென்னைக்குப் போன் போடுவார்கள். மாற்றுவதைக் கூரையுள்ள குடோனில் செய்யச் சொல்லுங்கள், ரோட்டோரம் வேண்டாம்.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று எண்ணிக்கையும் கட்டினார்கள், கொடைக்கானலுக்கு 4000, 6000. விதி அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு வருபவர்கள் கீழே டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு மாற்றினால் இந்தத் தலைவலியே இல்லை, வளைவு தெரிந்த டிரைவரும் கிடைப்பார். மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை என்பதைக் கணக்கில் வையுங்கள்.

காப்பீடு, அனுப்பும் அருங்காட்சியகத்தின் சுவரிலிருந்து இறக்குவதில் தொடங்கி திரும்பவும் அதே சுவரில் மாட்டுவது வரை இருக்க வேண்டும். நிலச்சரிவு என்ற சொல் பாலிசியில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

8. பெட்டி வந்த அன்று திறக்காதீர்கள்

மேட்டுப்பாளையம் வெயிலில் ஏற்றிய பெட்டி சில மணி நேரத்தில் ஊட்டிக் குளிருக்கு வந்துவிடுகிறது. உடனே திறந்தால் வெப்பமும் ஈரமும் சட்டென்று மாறுவதில் பொருள் கெட வாய்ப்பு உண்டு. குறைந்தது 24 மணி நேரம் கூடத்திலேயே மூடி வையுங்கள். பத்திரிகைக்காரர், ஸ்பான்சர், தலைவர் யார் வந்து கேட்டாலும் சரி.

திறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அது எந்த நிலையில் வந்தது என்று சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுதி, போட்டோவில் தேதியோடு பதிந்து, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மூலையில் நகக்கீறல் அளவுக்கு இருப்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது அது உங்கள் கீறலாகிவிடும். பெட்டிக்குள் வந்த தாள், பஞ்சு, ஸ்குரூ வரை எண் போட்டு எடுத்து வையுங்கள், திரும்பவும் அதிலேயேதான் கட்ட வேண்டும்.

9. கதவைத் திறக்கும் நேரம்

ஞாயிறு திறந்து வையுங்கள், வார விடுமுறையைத் திங்களன்று விடுங்கள். கொழுந்து பறிப்பவர்களுக்கு ஞாயிறுதான் நாள். மாலை நீட்டிப்பு என்று நகரத்தில் செய்வது இங்கே நடக்காது. கடைசிப் பஸ் போய்விட்டால் நடந்துதான் போக வேண்டும், இருட்டினால் பாதையில் கரடியோ காட்டெருமையோ நிற்கும். உங்கள் ஊரிலிருந்து ஹட்டிகளுக்குப் போகும் கடைசிப் பஸ் நேரத்தை எழுதி வைத்து, அதற்கு அரைமணி முன்பு மூடுங்கள்.

பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலரிடம் கடிதம் கொடுங்கள். அது மட்டும் போதாது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வேறு துறையின் கீழ் இருக்கின்றன, அங்கே தனிக் கடிதம். இதைத் தெரியாமல் விட்டால், மிக முக்கியமாக வர வேண்டிய பிள்ளைகள்தான் விட்டுப்போவார்கள்.

விளக்கம் சொல்ல உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளைப் பிடியுங்கள். ஓவிய வரலாறு நிறையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பாட்டியிடம் அவர் மொழியில் பேசத் தெரிந்திருந்தால் போதும். சுவரில் ஒட்டும் தமிழ் அட்டை கண்ணாடி போடாமல் படிக்கும்படி பெரிய எழுத்தில், ஐந்தாறு வரிக்குள். மொழிபெயர்த்ததை ஒரு எஸ்டேட் டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள், கேட்பவர் எங்கே முழிக்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

விழாவுக்குச் சின்னத் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், மாவட்டத்தில் தடை, அபராதம் போடுவார்கள். பிளெக்ஸும் வேண்டாம், துணி பேனர் எழுதுபவர் இன்னும் இருக்கிறார்.

10. திருப்பி அனுப்புதல்

கடைசி நாளுக்கு அடுத்த நாளே வண்டி என்று போடாதீர்கள். இறக்க, மறுபடி ஒவ்வொன்றையும் பார்த்து எழுத, கட்ட, மழை வந்தால் நிறுத்த என்று சில நாள் இடைவெளி விடுங்கள். திரும்பும் வண்டிக்கும் புதிய சலான், புதிய இ-வே பில் வேண்டும், வந்தபோது எடுத்தது செல்லாது.

ஊர் மூலைப் பொருட்களை முதலில் அனுப்புங்கள். பெரிய பெட்டிகள் கிளம்பும் பரபரப்பில் அவை ஸ்டோர் ரூமில் தங்கிவிடும். கொடுத்தவர் வீட்டுக்கே கொண்டுபோய், அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டி, பழைய ரசீதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களோடு எடுத்த போட்டோக்களையும் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு மறந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.